எலெக்ட்ரானிக் சிட்டியில் இரைந்த என்ஜின்

காலை ஆறு பத்துக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நான்கு ஸ்பேனர், ஒரு முழ ரப்பர் குழாய். எலெக்ட்ரானிக் சிட்டி எழுபது கிலோமீட்டர், டிக்கெட் எண்பது ரூபாய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று ஆறு கார் நிற்கும் ஷெட் எனக்குச் சொந்தம். அதைப் பூட்டிவிட்டுக் கிளம்பக் காரணம், தங்கை மகள் செல்வி போனில் அழுததுதான். அவள் கணவர் முருகேசன் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறவர். நின்ற இடத்திலேயே என்ஜின் இரைகிறது என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகல் இரண்டு மணிக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும்.

அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ் ஊர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் என் பையை எட்டிப் பார்த்து, "பெங்களூர்ல மெக்கானிக்கே இல்லையா பெரியவரே?" என்றார்.

"இருக்காங்க. அவங்களால முடியலன்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க."

அதன்பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதே காலுக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். முருகேசன் சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள், எண்ணூறில் நிற்க வேண்டியது, இரண்டாயிரத்தில் நின்றது.

"இங்க ஷெட்டுல கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தாங்க மாமா. காத்து போற பெட்டியையே மாத்தணுமாம். பதினெட்டாயிரம்."

"கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா மாப்ளே?"

கால்மிதி பெடலை அழுத்துகிறதா என்று பார்த்தேன், இல்லை. ஏ.சி.யை அணைத்தேன், முள் அசையவில்லை. ஆக்சிலேட்டர் ஒயரும் தளர்வாகவே இருந்தது. பிறகு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். பின்பக்கம் ஓரிடத்தில் 'உஸ்' என்றது. என்ஜின் திருட்டுத்தனமாகக் காற்றுக் குடிக்கிறது! கையை விட்டுத் தடவினேன். மெல்லிய குழாய் ஒன்றில் விரிசல். அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பி. கம்பியில் காய்ந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

விரிசலை விரலால் அடைத்தேன். முள் எண்ணூறுக்கு இறங்கியது.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"வண்டிக்கு முன்னாடி தொங்கவிடக் கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க மாமா. அதான் ஆயுத பூஜை அன்னிக்கு உள்ளார கட்டினேன்" என்றாள் செல்வி.

"பதினெட்டாயிரத்துக்குத் திருஷ்டி கழிக்கப் பார்த்திருக்கா மாமா!" என்றார் முருகேசன்.

நான்கு கடை ஏறி இறங்கி, மணி ஒன்றாகும்போது கிடைத்த ஒரு சாண் புதுக் குழாய் அறுபது ரூபாய். மாட்டப் பத்து நிமிடம். செல்வி புது எலுமிச்சம்பழத்தோடு தயங்கி நின்றாள். வாங்கி, பானெட்டின் அடிப்பக்க இரும்புச் சட்டத்தில் நானே கட்டினேன்.

ஒன்று நாற்பதுக்குக் கம்பெனி வாசல். சோதிக்கும் அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் மாடி" என்று கன்னடத்தில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு சார்" என்றார் முருகேசன்.

அதிகாரி பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இருந்து அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே இருப்பவர்கள் உலகத்துக்கே கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறார்களாம். செய்யட்டும். நாளைக்கு அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடப்போகும் வண்டியைச் சரியாக்கியது என் காது. கிருஷ்ணகிரியில் என் ஷெட் வாசலிலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஆனால், இரும்புக் கொக்கியில்.