மஞ்சள் சட்டி வராத நாள்

போன கிழமை ஹெல்மெட்டுக்குள் பம்பாய் வெங்காயம் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சிரிப்பதானால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். கல்முனையில் ஒரு பெரிய கடை. சாமானை எல்லாம் மேசையில் வைத்த பிறகுதான் வீட்டிலிருந்து பை எடுத்து வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. இப்போது கடைகளில் சொப்பின் பேக்கை, அதுதான் பொலித்தீன் பையை, சும்மா கொடுக்கக் கூடாது, விலை வாங்கி அதைப் பில்லிலும் காட்ட வேண்டும் என்று சட்டம்.

காசு வாங்கும் பிள்ளை, "சேர், பேக் ஒண்டு போடவா? அதுக்குக் காசு வரும்" என்றாள்.

இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து அதை ஆதரித்து ஊரெல்லாம் சண்டை பிடிக்கிறவன் நான். நானே பேக் வாங்கினால் நாளைக்கு எந்த முகத்தோடு கதைப்பது? ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடித்தேன். வெங்காயம் உள்ளே போனது. பருப்புப் பக்கட்டைச் சட்டைக்குள் விட்டேன். பின்னால் நின்ற ஒருவர் அண்ணன் முறை வைத்து, "காக்கா, தலைய எதுக்குள்ள போடப் போறீங்க?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. பொலிசுக்குப் பயந்து மோட்டார் சைக்கிளை வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தேன்.

சிரித்தவர்கள் கல்முனைக்குடிக் கடற்கரையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். கரைவலை இழுத்தால் மீனுக்கு முதல் சொப்பின்தான் வருகிறது. மழைக்கு வாய்க்கால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எல்லோரும் மாநகர சபையைத் திட்டுகிறார்கள். வாய்க்காலைத் தோண்டிப் பார்த்தால் அவரவர் இறைச்சி வாங்கிய பேக். மெல்லிய பேக்குக்கு முன்பும் ஒரு தடை வந்தது. கொஞ்ச நாள் பயந்தார்கள், பிறகு அதே பேக் மேசைக்குக் கீழே இருந்து வந்தது. இந்த முறையும் அப்படி ஆகக் கூடாது. இன்னும் இறுக்க வேண்டும். என் கட்சி அதுதான், அதில் மாற்றமில்லை.

ஆனால் ஹெல்மெட்டில் அந்த வெங்காய மணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த நாள் வெயிலில் அதைத் தலையில் போட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நோன்புக் கஞ்சி. வெங்காயமும் ரம்பை இலையும் எண்ணெயில் வதங்கும் மணம் பள்ளிவாசல் முற்றத்தில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எழும்பும். நோன்பு பிடித்த வயிற்றுக்கு அந்த மணம் செய்கிற அநியாயத்தை நோன்பு பிடித்தவனிடம்தான் கேட்க வேண்டும்.

அப்போது கஞ்சிக்கு வீட்டுச் சட்டிதான் கொண்டு போக வேண்டும். வரிசையில் ஆள் நிற்பதில்லை, சட்டிதான் நிற்கும். நாங்கள் சட்டியை வைத்துவிட்டு மதிலோரம் விளையாடப் போய்விடுவோம். எங்கள் வீட்டு அலுமினிய வாளிக்கு ஒரு பக்கம் நெளிவு. மீன் வியாபாரி வீட்டுப் பானையைக் கண்ணை மூடிக்கொண்டு மணத்தாலேயே சொல்லலாம். எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த சுபைதா ராத்தாவின் சட்டி மஞ்சள் எனாமல். ஒரு காது உடைந்து, கம்பி வளைத்துக் கட்டியிருந்தது.

சுபைதா ராத்தா இடியப்பம் அவித்து விற்கிறவர். புருசன் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம், ஒரே மகளை ஒலுவிலில் கட்டிக் கொடுத்திருந்தார். நோன்பு வந்துவிட்டால் காலை இடியப்பத்துக்கு ஆள் இல்லை. அந்த மாதம் அவருக்குக் கஞ்சி என்பது சும்மா வாய் நனைக்கும் சாமான் அல்ல, சாப்பாடு. ஆனால் பள்ளிவாசலுக்கு அவர் வரமாட்டார். வேலிக்கு மேலால் சட்டியை நீட்டுவார். அந்த வழியால் போகிற எந்தப் பிள்ளையும் வாங்கிக்கொண்டு போகும்.

கஞ்சி ஊற்றுகிறவர் ஆதங்காக்கா. மற்ற மாதங்களில் மரக்காலையில் பலகை தூக்குகிற மனிதர். வாய் மோசம். பெரிய பாத்திரத்தைக் கண்டால், "இது கஞ்சிக்கா, மையத்துக் குளிப்பாட்டவா?" என்பார். சின்னதைக் கண்டால், "ஏன்டா, உங்கட வாப்பா இன்னம் கஞ்சத்தனத்த விடல்லயா?" என்பார். அவர் கையில் அகப்பை இருக்கும் வரைக்கும் ஊரில் ஒருவருக்கும் மானம் மரியாதை கிடையாது.

ஒரு நாள் ஊற்றிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"மஞ்சச் சட்டி எங்கடா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் கூட்டாளி ரபீக் எடுத்து வந்திருப்பான் என்று நான் நினைத்தேன். ரபீக் நான் என்று நினைத்திருந்தான்.

"தெரியா காக்கா."

"தெரியாவா? நேத்து வந்திச்சா?"

அதுவும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆதங்காக்கா அகப்பையைக் கஞ்சிக் கிடாரத்தின் மேல் குறுக்கே வைத்தார்.

"நீ ஓடு. போய்ப் பாத்துட்டு வா. நீ வாற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்த மாட்டன்."

வரிசைக்குப் பின்னால் நின்ற பெரிய ஆட்கள் கொதித்தார்கள். "பாங்கு சொல்லப் போறாங்க, ஆதம்! ஒரு சட்டிக்காக ஊரையே பட்டினி போடுறியா?" என்று ஒருவர் கத்தினார். "ஓம். நீயும் அவளோட சேந்து கொஞ்சம் பட்டினி கிட" என்று ஆதங்காக்கா சொன்னது நான் ஓடும்போது முதுகில் கேட்டது.

சுபைதா ராத்தா அடுப்படியில் சுருண்டு கிடந்தார். காலில் ஏதோ கீறி, சீழ் வைத்து, உடம்பு நெருப்பு. மஞ்சள் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கத்தினேன். உம்மா ஓடி வந்தார், அடுத்த வீட்டு ஆட்கள் வந்தார்கள், ஒரு வேனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் மஞ்சள் சட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பி ஓடினேன். ஏன் தூக்கினேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆதங்காக்கா விசயத்தைக் கேட்டார், முதல் அகப்பையை அதற்குள் ஊற்றினார், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். அதற்குப் பிறகுதான் ஊருக்குக் கஞ்சி.

சுகமாகி வந்த சுபைதா ராத்தா நன்றி சொல்வார் என்று நினைக்கிறீர்களா? வேலியில் நின்று வெடித்தார். "அந்த ஆதத்தாருக்கு வாய் இல்லாட்டி நாய் தூக்கிட்டுப் போயிரிக்கும்! என்ட அடுப்பு எரியல்ல எண்டு ஊருக்கே பறை அடிச்சிட்டார்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரிசையில் நிற்கும் சட்டிக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

பிறகு பேக் வந்தது. நான் அப்போது பசாரில் ஒரு சில்லறைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிளாஸ்டிக் வாளியைப் பெரிசு பெரிசாகக் கொண்டு வருகிறார்கள், பின்னால் நிற்பவனுக்குக் கஞ்சி இல்லை என்று பள்ளியில் சண்டை. வீட்டுக்கு ஒரு பேக் என்று முடிவானது. எங்கள் முதலாளி பேக்கை இலவசமாகக் கொடுத்தார், கடைப் பெயரை அச்சடித்து. சதகாவும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு. கொதிக்கிற கஞ்சியை அதற்குள் ஊற்றி முடிச்சுப் போட்டு அண்டாவில் அடுக்கி வைத்தோம். நானும் கட்டிக் கொடுத்தவன்தான். கஞ்சியில் ரம்பை மணத்தோடு ஒரு மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்தது. யாரும் கவலைப்படவில்லை.

சுபைதா ராத்தாவுக்கு அது பெருநாள். முகத்தை மூடிக்கொண்டு தானே வந்து எடுத்துக்கொண்டு போனார். "இப்ப சோக்கா இரிக்கி மகன். கையில பேக் இரிந்தா கஞ்சியோ கறியோ ஆருக்குத் தெரியும்?" என்றார். ஆதங்காக்காவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். அவர் அடுத்த பேக்கை எடுத்துக் கொடுத்தார். பேக்கைப் பார்த்து எதைச் சொல்லிக் கேலி செய்வது? மஞ்சள் சட்டி கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு நோன்பில் ராத்தா மறுபடி சுகமில்லாமல் விழுந்தார். பள்ளியில் கஞ்சி ஒவ்வொரு நாளும் மிச்சமில்லாமல் முடிந்தது. அண்டா காலி என்றால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றுதான் கணக்கு. ஆதங்காக்காவும் அங்கேதான் நின்றார். கடைசியில் கண்டுபிடித்தது என் உம்மா. காய்ந்துபோன மஞ்சள் சட்டியைச் சுற்றிக் கோழிகள் கத்துகிற கத்தலில் பொறுக்க முடியாமல் வேலியால் எட்டிப் பார்த்திருக்கிறார். ராத்தா உயிரோடு இருந்தார். ஒரு பக்கக் கையும் காலும் வராமல் போய்விட்டது. மகள் வந்து ஒலுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேனில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, கோணிய வாயால், "பேக்குக்கு ஆளத் தெரியாதுடா மகன்" என்றார். அங்கேயே மவுத்தானார். ஆதங்காக்காவும் போய்விட்டார்.

இந்த நோன்புக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கஞ்சிக்கு இனிப் பேக் கிடையாது, பாத்திரம் கொண்டு வாருங்கள். எனக்கு வந்த சந்தோசத்தில் எங்கள் நெளிந்த வாளியைத் தேடிப் புளி போட்டுத் தேய்த்தேன். அஸருக்குப் போய் நின்றேன். வந்ததெல்லாம் ஐஸ்கிரீம் டப்பா. வெள்ளை டப்பா, ஒரே அளவு, ஒரே மூடி. சட்டியை வைத்துவிட்டு விளையாடப் போக யாருமில்லை. அவரவர் டப்பாவை அவரவர் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றார்கள். ஊற்றிய தம்பி நல்ல பிள்ளை. ஒருவரையும் ஒரு சொல் சொல்லவில்லை. "அடுத்த ஆள், அடுத்த ஆள்" என்று மட்டும் சொன்னான்.

மதிலின் மேல் ஒரு வெறும் டப்பா தனியே இருந்தது.

"தம்பி, இது ஆர்ர டப்பா?"

"தெரியா காக்கா. ஆரும் உட்டுட்டுப் போயிரிப்பாங்க."

"ஆள் ஆரெண்டு பாக்கும் வரைக்கும் ஊத்தாத."

அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். எனக்குப் பின்னால் யாரோ, "இவர்தான் ஹெல்மெட்டுல வெங்காயம் கொண்டு போனவர்" என்றார். சிரித்தார்கள். நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெளிவில்லை, கம்பியில்லை, மணமில்லை. எந்தத் தெருப் பக்கம் ஓடுவது?

"அடுத்த ஆள்" என்றான் தம்பி.