காட்டுவதற்குக் கட்டிய காப்பு

போன் வந்தபோது என் இடது கையில் மஞ்சள் கயிறு இருந்தது. பூசாரி அண்ணன் கட்டிய காப்பு. கட்டிய ஈரம்கூடக் காயவில்லை. ஊருக்கு வெளியே மாவ்பியில் இருக்கும் என் மகள் செல்வியின் பக்கத்து வீட்டுக்காரிதான் பேசினாள். செல்விக்கு வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், அம்மா எங்கே அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் வந்துவிட்டது.

காப்புக் கட்டியவர்கள் பிள்ளை பெறும் இடத்துக்குப் போகக்கூடாது. ஊர் எல்லையையும் தாண்டக்கூடாது. போனைப் பிடித்தபடியே நின்றேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எங்கள் பண்பாட்டு நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் படிப்பதற்காக இதை எழுதச் சொன்னார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

1. டீத் தட்டு

நிலையம் பர்மாவின் துறைமுக நகரத்தில், போட்டாதாங் பேட்டையில், ஆற்றுக்குப் போகும் தெரு ஒன்றில், மாடியில் இருக்கிறது. லாபம் பார்க்காமல் நன்கொடையில் நடப்பது. துறைமுகத்திலும் ரயிலிலும் வேலை செய்ய வந்த நம் ஜனங்களின் பழைய சாமான்களும் போட்டோக்களும் ஒரு ஹாலில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் கிளாஸ். மற்ற நாளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பர்மியர்கள்தான் நிறைய வருவார்கள்.

கூட்டுவது, துடைப்பது, கரண்ட் போவதற்குள் தண்ணீர் ஏற்றுவது, வந்தவர்களுக்கு டீ கொடுப்பது என் வேலை. ஆட்கள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம். டீத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். நிலையத்தை நடத்தும் மா வள்ளி, "பாக்கியம்மா, உங்கள யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க, வெளிய வாங்க" என்று சிரிப்பார். மா வள்ளிக்கு என் மகள் வயசுதான். ஆனாலும் ஆபீசில் மரியாதை மரியாதைதான்; பர்மிய வழக்கப்படி பெண்ணுக்கு மா, ஆணுக்குக் கோ என்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

அன்று இன்சீனிலிருந்து பர்மியப் பள்ளிக்கூடத்துச் சயாமாக்கள், அதாவது டீச்சர்கள், ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நம் தீமிதித் திருவிழாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமாம். திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. போட்டோவை மட்டும் காட்டினால் நன்றாக இருக்காது, காப்புக் கட்டுவதை நேரிலேயே செய்து காட்டுவோம் என்று மா வள்ளி பூசாரி அண்ணனை வரவழைத்திருந்தார். அண்ணன் மாரியம்மன் கோயிலில் ரொம்ப காலமாகக் காப்புக் கட்டுகிறவர்.

2. யார் கை

"யாருக்குக் கட்டணும்?" என்று அண்ணன் கேட்டார்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோ ரவி கையை நீட்டினான்.

"கறி தின்னியாடா?"

"மத்தியானம் கோழி பிரியாணி, மாமா."

"தள்ளிப் போ அந்தாண்ட. வள்ளி, நீ வாம்மே."

மா வள்ளி என் பக்கம் குனிந்து, "எனக்கு இன்னிக்கு ஆகாது பாக்கியம்மா" என்று காதில் சொன்னார். அந்த நேரத்தில் நான் டீத் தட்டோடு அங்கே நின்றது என் கெட்ட நேரம்.

"பாக்கியம், குளிச்சியா?"

"குளிச்சேண்ணே."

"மீனு, நப்பி எதுனாச்சும்?" நப்பி என்றால் இங்கே சாப்பிடும் மீன் விழுது.

"இல்லண்ணே. அவிச்ச பட்டாணியும் சோறும்தான்."

"அப்ப நீதான். கைய நீட்டு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணன் கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்தார். மஞ்சள் கிழங்குத் துண்டை நடுவில் வைத்தார். கற்பூரத்தை ஏற்றினார். கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டு, வேண்டிக்கொண்டே முடிச்சுப் போட்டார். நெற்றியில் திருநீறும் பூசினார். சயாமாக்கள் போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். மா வள்ளி மைக்கில் பர்மிய பாஷையில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். ரொம்ப நன்றாக நடந்தது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

பிறகுதான் போன் வந்தது.

3. சூடம் பொய்யா எரியுமா

"அண்ணே, இத அவுத்து விடுங்கண்ணே. செல்விக்கு வலி வந்திருச்சாம், நான் போகணும்" என்றேன்.

அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"என்னாம்மே சொல்ற? சூடம் ஏத்தி, அம்மாவக் கூப்புட்டுக் கட்டியிருக்கேன். தீ மிதிச்சு எறங்குன பொறவுதான் அவுக்கணும்."

கோ ரவி, "மாமா, இது சும்மா காட்டுறதுக்குத்தானே கட்டினீங்க?" என்றான்.

"சூடம் பொய்யா எரியுமாடா?"

"அப்ப பாக்கியம்மா ஒரு மாசம் எங்கயும் போகக்கூடாதா?"

"போகக்கூடாது."

"தீயும் மிதிக்கணுமா? அவங்களுக்கு மாடிப்படி ஏறவே முட்டி வலிக்குது."

"நீ வாய மூடு. கோழியத் தின்னுட்டுக் கேள்வி கேக்குறான்."

மற்ற நேரமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். மா வள்ளி மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "நீங்க கைய நீட்டுங்க பாக்கியம்மா. பாவம்னா என் தலையில வரட்டும்" என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். செல்விக்குப் போன தடவை பிள்ளை தங்கவில்லை. இது அதற்குப் பிறகு வந்த பிள்ளை. மாப்பிள்ளை மலேசியாவில் வேலையில் இருக்கிறார், மாமியார் இல்லை. நான் போகாவிட்டால் பிரசவ ரூமில் அவள் பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. காப்போடு போய், அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? போனாலும் பயம், போகாவிட்டாலும் பயம்.

அண்ணனும் கல் மனசுக்காரர் இல்லை. "எனக்கு அம்மாவக் கூப்புடாம வெறுமனே கயித்தக் கட்டத் தெரியாதும்மே. நான் என்ன பண்ணுவேன்" என்று என்னிடமே கேட்டார்.

4. சயாமா கேட்டது

நாங்கள் பேசியது தமிழில். அதனால் வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களில் பெரிய சயாமா, கண்ணாடி போட்ட அம்மா, விடைபெற வந்தார். அண்ணனைக் கும்பிட்டுவிட்டு மா வள்ளியிடம் ஏதோ கேட்டார், இருந்த பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை. மா வள்ளி அரை மனசோடு அதைத் தமிழில் சொன்னார்.

"மாமா, கோயில்ல அம்மனுக்கும் இதே மாதிரி காப்பு உண்டான்னு சயாமா கேக்குறாங்க. உண்டுன்னா அதையும் வந்து பாக்கலாமான்னு கேக்குறாங்க."

கோயில் விஷயம் என்றால் அண்ணனுக்கு எந்தக் கவலையும் மறந்துவிடும். "உண்டாவா? மொதக் காப்பே அம்மாவுக்குத்தான். அம்மா கையில ஏறுன பொறவுதான் மனுசங்களுக்கு. அதுக்கு முன்ன எவன் கையிலயும் காப்பு ஏறாது. ஏறுனாலும் அது வெறுங்கயிறுதான். நல்லா சொல்லு அவங்ககிட்ட."

மா வள்ளி சொல்லவில்லை. அண்ணனையே பார்த்தார்.

"மாமா, இந்த வருசம் அம்மனுக்குக் கட்டியாச்சா?"

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அட நான் ஒரு கூறுகெட்டவன்! அவளுக்கே கட்டல, உனக்கு எப்படிம்மே காப்பாகும்? கொண்டா கைய."

அவரே பல்லால் இழுத்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றையும் மஞ்சள் துண்டையும் செம்புத் தண்ணீரில் போட்டார். "இத நான் ஆத்துல விட்டுர்றேன். முந்திக் கட்டுன தப்பு என்னோடது. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஓடு" என்றார்.

சயாமா ஒன்றும் புரியாமல் நின்றார். மா வள்ளி விஷயத்தைச் சொன்னதும், "அப்பவே சொல்லக்கூடாதா? எங்க வேன் இன்சீனுக்குத்தானே போகுது, மாவ்பிக்கும் அதான் வழி, இந்தம்மாவும் வரட்டும்" என்றார். என் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

வேனில் அத்தனை முன்பின் தெரியாத பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். அவர்கள் கேட்கக் கேட்க, அக்கினிக் குண்டம், கரகம், வேப்பிலை என்று எனக்குத் தெரிந்த பர்மிய பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தேன். பயம் தெளிந்த மனுஷிக்குக் கூச்சம் வராது போலிருக்கிறது. இன்சீனில் மாவ்பி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, பஸ் புறப்படும் வரைக்கும் அங்கேயே நின்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. "இவ்வளவு நேரமாம்மா?" என்று செல்வி அந்த வலியிலும் சண்டை போட்டாள். சண்டை போட அவளுக்குத் தெம்பு இருந்ததே எனக்குப் போதும். பெண் பிள்ளை. அழுத சத்தத்தை நான் பக்கத்திலிருந்தே கேட்டேன். நர்ஸ் துணியில் சுற்றி என் கையில்தான் முதலில் கொடுத்தாள்.

5. இப்போது எப்படிச் செய்கிறோம்

நான் திரும்பி வந்ததும் மா வள்ளி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். இனிமேல் வெளி ஆளைக் கூப்பிடுவதே வேண்டாம் என்றான் கோ ரவி. சயாமாக்கள் அவ்வளவு ஆசையாக வந்தவர்கள், கதவை மூடினால் எப்படி என்றார் மா வள்ளி. பூசாரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான். "காட்டுறத இங்க காட்டுவோம். சாமிக்குச் செய்யிறத கோயில்லயே செய்வோம். பாக்கணும்னு கேக்குறவங்கள அங்க கூட்டிட்டுப் போவோம்" என்றேன். சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அதையே முடிவாக வைத்திருந்தார்கள்.

அதனால் நிலையத்தில் இப்போது கோலம் போட்டுக் காட்டுகிறோம், பூக் கட்டக் கற்றுக் கொடுக்கிறோம், பலகாரம் சுட்டுக் கொடுக்கிறோம், கும்மி ஆடுகிறோம். கற்பூரம் ஏற்றுவதில்லை. காப்பைப் பற்றிக் கேட்டால் போட்டோவைக் காட்டி, கோயில் திருவிழாவுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறோம். அந்தச் சயாமாக்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். வந்தவர்கள் கேட்கிறார்களே என்று எதையும் அவசரப்பட்டுச் செய்து காட்டிவிடாதீர்கள். இது பார்ப்பதற்கா, செய்வதற்கா என்று முதலில் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே போல், வந்தவர்கள் ஒன்று கேட்டால் நின்று ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். வெளி ஆள் கேட்கும்போதுதான் சில விஷயம் நம் காதிலேயே சரியாக விழுகிறது.