கோச்சுக்குத் தமிழ் தெரியாது

கஜன் போய்விட்டான்.

நேற்றுக் காலை, பாரிஸுக்குப் பக்கத்தில் எபினேயில் அவன் அம்மாவோடு இருந்த வீட்டில், குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தவன் பிறகு எழும்பவேயில்லை. முப்பத்தொரு வயது... இன்றைக்கு நான் ஆஃபிஸுக்குப் போகவில்லை.

தெரியாதவர்களுக்காக: எங்கள் கஜன் அமெரிக்கன் ஃபுட்போல் பிளேயர். காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் இடித்து விழுத்துவது. அதில் அவன் குவாட்டர்பேக். பந்தை வாங்கி, யாருக்கு எறிவதென்று இரண்டு செக்கனில் முடிவெடுக்கிறவன்.

யூனிவர்சிட்டி டீமில் தொடங்கி, ஜெர்மனியில் சம்பளத்துக்கு விளையாடுகிற அளவுக்குப் போனான். பாரிஸில் எங்கள் தமிழாட்கள் நிறைந்த லா ஷப்பலில் இருந்து அப்படிப் போன இன்னொருவரை எனக்குத் தெரியாது.

அவன் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன் நான்.

வீட்டில் அம்மாமார் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற நாங்கள், மைதானத்தில் மட்டும் தமிழ் பேசினோம். எதிரணிக்கு விளங்கக் கூடாதே! ‘இடியப்பம்’ என்றால் வளைந்து திரும்பி வா. ‘கொத்து’ என்றால் எதிரணி எல்லோரும் பாயப்போகிறார்கள், கவனம். ‘யாழ்ப்பாணம்’ என்றால் திரும்பிப் பார்க்காமல் கடைசிக் கோடு வரை ஓடு. நாங்கள் இரண்டு பேருமே யாழ்ப்பாணம் போனதில்லை.

எங்கள் கோச் பிரெஞ்சுக்காரர். ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நிற்பார்.

பிறகு அந்த யூனிவர்சிட்டி ஃபைனல்... இரண்டாம் பாதியில் ஒரு தடியன் கஜனைத் தூக்கி நிலத்தில் அடித்தான். எழும்பினான். ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை.

“மச்சான், நாங்கள் இஞ்சை ஆரோடை விளையாடுறம்?”

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

“கோச்சிட்டைச் சொல்லாதை. ஜெர்மனியிலையிருந்து என்னைப் பாக்க ஆள் வந்திருக்கு. இண்டைக்கு விட்டால் அவ்வளவுதான்... பிளீஸடா.”

கோச் வந்து கேள்வி கேட்டார். என்ன கிழமை, எத்தனை பொயின்ட், எதிரணி யார். தலையில் அடிபட்டவனிடம் வழக்கமாகக் கேட்பவை. ஒன்று பிழைத்தாலும் வெளியே இருத்திவிடுவார்.

நான் சப்பாத்து லேஸ் கட்டுவது போலக் குனிந்தேன். “ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பத்து, அவங்கள் பதினாலு. லியோன்காரர்.” தமிழில்.

அவன் அதையே பிரெஞ்சில் சொன்னான். கோச் எங்கள் வழக்கமான சிக்னல் பேச்சு என்று நினைத்திருப்பார். முதுகில் தட்டி “போ” என்றார்.

அதற்குப் பிறகு எங்கே எறிவதென்று ஒவ்வொரு தடவையும் நான்தான் சொன்னேன். கடைசி நிமிடம் “யாழ்ப்பாணம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பந்து சரியாக என் கைக்குள் வந்து விழுந்தது. வென்றோம். அடுத்த மாதம் ஜெர்மன் கிளப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தான்.

அந்த ஃபைனலை அவன் பிறகு வீடியோவில்தான் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் இல்லை.

கஜனின் அம்மா லா ஷப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறா. ஜெர்மன் பேப்பரில் வந்த அவன் படத்தை வெட்டி, கடைச் சுவரில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தா. ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாது.

“ஆர் அன்ரி இது, மோட்டச்சைக்கிள் ஓடுறவரோ?” என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்பார்கள்.

“என்ர பிள்ளை. ஜெர்மன்காரருக்குப் பந்து எறியுறான்.”

நாலு வருடம் எறிந்தான். அங்கே எத்தனை தரம் அடிபட்டது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தான். வெளிச்சம் குத்துகிறதாம்.

போன வருடம் ஒருநாள் மத்தியானம் ஃபோன் எடுத்தான்.

“மச்சான், அம்மாட கடைக்கு எந்தப் பக்கத்தாலை போறது? மெட்ரோ வாசலிலை நிக்கிறன்.”

சின்ன வயதிலிருந்து நடந்த தெரு. எனக்குச் சிரிப்பு வந்தது. “இடியப்பம்” என்றேன்.

“வழியைச் சொல்லடா...”

சொன்னேன். கடை வாசல் வரும்வரை ஃபோனை வைக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் கஜனின் அம்மா ஃபோன் எடுத்தா. “தம்பி, அவனுக்கு முதன்முதல் தலையிலை அடிபட்டது எப்ப எண்டு டொக்டர் கேக்கிறார். நீதானே எப்பவும் அவனுக்குப் பக்கத்திலை நிண்டனி. உனக்குத் தெரியுமே?”

“தெரியாது அன்ரி.”

அப்படித்தான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

கோச்சுக்கு நான் பிரெஞ்சில் தனியாக எழுதுவேன். அதற்கு முதல், நாளைக் காலை எபினேக்குப் போகிறேன்.

சொல்லாதை எண்டு கேட்டனி, கஜன். இவ்வளவு நாளும் நான் சொல்லேல்லை. நாளைக்கு அம்மாட்டைச் சொல்லப்போறன்.

கோவிக்காதை மச்சான்... போயிட்டு வா.