கையுறைக் கோழி

பிறவி மச்சத்தைப் பார்த்து ஒரு நல்ல மனுஷனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்த அறிவாளி நான்.

தொண்ணூறுகளில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டராக இருந்தேன். காய்ச்சலுக்குக் கொண்டுவந்த கைக்குழந்தையின் புட்டத்தில் நீலநீலமாகத் திட்டுகள். "குழந்தைய யாருய்யா அடிச்சது?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறந்தப்பவே இருக்கு சார். எனக்கும் இருந்துச்சாம். இப்ப இருக்கான்னு பாக்கறீங்களா?" என்று அவர் பெல்ட்டில் கை வைத்தார்.

குழந்தைகள் டாக்டர் நாகரத்னா வந்து பார்த்தார். நம் பக்கத்துக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இருந்து, வளர வளர மறைந்துவிடும் மச்சம்தான் என்றார். அன்றிலிருந்து வார்டு முழுக்க எனக்குப் பெயர் 'இன்ஸ்பெக்டர்'.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் ஒரு மத்தியானம், தொம்மலூரிலிருந்து ஒருவர் தன் நாலு வயது மகள் செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் இடது முன்கை வீங்கி வளைந்திருந்தது.

"கட்டில்லேருந்து வுழுந்துட்டா சார். சீக்கிரம் கட்டு போட்டு அனுப்புங்க, ட்யூட்டிக்குப் போணும்."

அயர்ன் செய்த சட்டை, மரியாதையான பேச்சு. வலிக்கு மருந்து கொடுத்து, கையை அசையாமல் அட்டை வைத்துக் கட்டி, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். பிறகு என் வழக்கமான வித்தை. ரப்பர் கையுறையை ஊதி, பேனாவால் கண் வரைந்து, "கொக்கரக்கோ" என்று நீட்டினேன்.

மற்ற பிள்ளைகள் பிடுங்குவார்கள், அல்லது அழுவார்கள். செல்வி அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். கோழியைத் தொட அனுமதி கேட்ட முதல் குழந்தை அவள்தான்.

கவுனை விலக்கிப் பார்த்தேன். மேல்கையின் உள்பக்கம் விரல் விரலாகக் கன்றியிருந்தது. காதுக்குப் பின்னாலும் அப்படியே. விழுகிற குழந்தைக்கு முட்டியிலும் நெற்றியிலும் அடிபடும். காதுக்குப் பின்னால் அடிபட சர்க்கஸ் தெரிந்திருக்க வேண்டும்.

"பாப்பா எப்படி விழுந்ததுன்னு சொன்னீங்க?"

"படியிலேருந்து சார்."

கொஞ்ச நேரம் முன்னால் அது கட்டில்.

அப்படியும் எனக்குத் தயக்கம். இதுவும் இன்னொரு மச்சமாகிவிட்டால்? ஆனால் பேசாமல் கட்டுப் போட்டால், அவள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போவாள். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நாகரத்னாவிடம் ஓடினேன்.

"மேடம், சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. புது முறிவுக்குக் கீழே, கட்டே போடாமல் தானாகக் கூடிய பழைய முறிவு ஒன்று இருந்தது.

"அட்மிட் மாடி, அட்மிட் பண்ணிடுங்க இன்ஸ்பெக்டரே," என்றார் கன்னடமும் தமிழுமாக. "போலீசுக்கு நான் சொல்றேன்."

அப்பாவிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. எலும்பு விலகியிருக்கிறது, மயக்கம் கொடுத்துச் சேர்க்க வேண்டும், குழந்தை தங்கியாக வேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. சாயங்காலம் கார்மெண்ட்ஸ் வேலையிலிருந்து ஓடிவந்த அம்மாவைத் தனி அறையில் உட்காரவைத்தோம். எல்லாவற்றையும் சொன்னாள். போலீஸ் செல்வியின் அப்பாவை அழைத்துப் போனது. டிஸ்சார்ஜ் ஆனதும் தாயும் மகளும் கோலாரில் செல்வியின் தாய்மாமா வீட்டுக்குப் போனார்கள்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். சொல்கிற கதையும் உடம்பில் இருக்கிற காயமும் ஒத்துப்போகாவிட்டால், குழந்தையை அனுப்பாதீர்கள். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தப்பானால் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு அது இன்னும் இருக்கிறது, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

மாவுக்கட்டைப் பிரிக்க அம்மாவோடு செல்வி வந்தாள். கோழியை நீட்டினேன். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இது கோழி இல்ல. மாட்டு மடி. ஒனக்கு ஒண்ணுமே தெரியல."