சாய்வு நாற்காலிக்கு நான் கொடுத்த அளவு

எங்கள் வீட்டுக்கு ஒரு சாய்வு நாற்காலி வந்தது. ராயபுரத்தில் நாங்கள் இருந்த சந்தில் அதற்கு முன்னால் எந்த வீட்டுக்கும் அப்படி ஒரு சாமான் வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்த நாற்காலிக்கு அளவு கொடுத்தவளே நான்தான்.

எங்களுடையது ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே தகரப்பெட்டி, அதிலேயே மாதா படம். நைனாவும் அம்மாவும் நானும் படுத்துவிட்டால் பூனை நடக்கக்கூட இடம் இராது. நைனாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலை. வேலை என்றால் நிரந்தரம் இல்லை. காலையில் வாசலில் போய் நிற்கவேண்டும். மேஸ்திரி வந்து ஒவ்வொருவனாகத் தோளைப் பார்ப்பார், மார்பைப் பார்ப்பார், "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவார். இருமுகிறவனை அவர் கண் தாண்டிப் போய்விடும். இரண்டு தடவை தாண்டிப் போனால் அவன் பிறகு வாசலுக்கே வரமாட்டான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நைனாவின் நெஞ்சில் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிலக்கரித் தூசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாயில் படுத்தால் மூச்சு முட்டும். தகரப்பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவார். இரண்டு மாசம் நன்றாகச் சாய்ந்து தூங்கினால் கொஞ்சம் தெளியும், வீட்டில் சாய்வு நாற்காலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். எங்கள் வீட்டில் முக்காலிகூட இல்லை. விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதே அம்மாவுக்குப் பெரிய வேலையாக இருந்தது. நைனா இருமினால் இவளும் கூடவே இருமுவாள், பக்கத்து வீட்டுக்கு யார் இருமுகிறார்கள் என்று தெரியாமல் இருக்க. எனக்கு ஏழு வயசு. நைனாவுக்குச் சளி, யார் கேட்டாலும் சொல்லாதே என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சளியைப்பற்றி நான் ஏன் யாரிடமும் சொல்லப்போகிறேன்?

நாற்காலி வாங்கப்போகிறோம் என்றதும் எனக்குத் தோன்றியதே வேறு. துரைமார்கள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் பங்களாச் சாமான்கள் எல்லாம் ஏலக்கடைகளில் வந்து குவிந்திருந்தன. அவர்கள் போய்விட்டார்கள், இனி நாம்தான் துரை, அதனால் நாற்காலி வருகிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். காசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் காதில் மட்டும் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

முதலில் இடத்தை அளக்கவேண்டும். அம்மா நூலைத் தேடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாமே. செவுத்துல தலைய முட்டிகினு படு."

படுத்தேன். அம்மா கதவை மெல்ல மூடினாள். அது வந்து என் உள்ளங்காலை உரசிக்கொண்டு மூடியது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இத்தோட சரி. உன்ன வுட ஒரு வெரக்கட கூட நீளம் போவக்கூடாது" என்றாள். நூலால் அளக்கக்கூடாதா என்று இப்போது கேட்பார்கள். நூல் இழுத்தால் நீளும், நனைந்தால் சுருங்கும், வழியில் தொலைந்தும் போகும். பெற்ற பிள்ளை நீளாது, சுருங்காது, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். அம்மா அப்படித்தான் நினைத்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளை ஒழுங்காக இருந்தால்.

நைனா கடைக்கு வரமுடியாது. ஏலக்கடையில் ஹார்பர் ஆட்கள் நிற்பார்கள், எதற்கு என்று கேட்பார்கள். அதனால் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நைனாவுக்குப் பதிலாக உட்கார்ந்து பார்க்க வந்தார். மாமா ரங்கூன்வரைக்கும் கப்பலில் போய்வந்தவர். அதைச் சொல்லாமல் அவர் ஒரு பேச்சும் முடித்ததில்லை. எனக்குக் கிறிஸ்மஸுக்குத் தைத்த நீளக் கவுனை அம்மா போட்டுவிட்டாள். தரையில் படுக்கப்போகிற பிள்ளைக்கு நல்ல கவுன் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைக்குப் போவதென்றால் கடைக்குப் போகிற மாதிரிதான் போகவேண்டும்.

வண்ணாரப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு முஸ்லிம் பாயின் ஏலக்கடை. கடைக்காரர் வெற்றிலை வாயோடு மூன்று நாற்காலிகளைக் காட்டினார். முதலாவது கப்பல் தளத்தில் போடுகிற மடக்கு நாற்காலி, கித்தான் துணி போட்டது. மாமா அதைப் பார்த்ததும் உறவுக்காரரைக் கண்டமாதிரி ஓடினார். "இத்தாங்கா! ரங்கூன் கப்பல்ல வெள்ளக்காரன் இத்துலதான் மல்லாந்துகினு கெடப்பான்" என்று குந்தினார். துணி தொட்டில்போலத் தொங்கி, மாமாவின் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது.

"மூச்சு எப்பிடிடா வருது?" என்று அம்மா கேட்டாள்.

"மூக்கு வயியாதான் வருது."

"தமாசு பண்ணாதடா. நெஞ்சு லேசா கீதா?"

"வவுறு வந்து நெஞ்ச இடிக்குதுக்கா."

அது வேண்டாம் என்றாயிற்று. அடுத்தது பிரம்பு நாற்காலி. அதன் முதுகு போலீஸ்காரன்போல நேராக நின்றது. மூன்றாவதுதான் நாற்காலி. தேக்கு. பிரம்பு பின்னிய சாய்ந்த முதுகு. இரண்டு பக்கமும் கை வைக்கிற பலகை, அகலமாக, தோசைக்கல்லே வைக்கலாம். மாமா அதில் சாய்ந்தார். ரங்கூனைப்பற்றி ஏதோ ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அப்புறம் குறட்டை கேட்டது.

பாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இன்னா தங்கச்சி, நாற்காலி வாங்க வந்தீங்களா, ஆள தூங்கவெக்க வந்தீங்களா? வாடக போட்டுடுவேன்."

அம்மா குனிந்து, மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அவள் தன் தம்பியைப் பார்த்து நான் கண்டதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "படுமே" என்றாள்.

நாற்காலியை ஒட்டித் தரையில் படுத்தேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த கடை ஆள் ஒருவன் சும்மா இருக்கமாட்டாமல், "இன்னாமா, பொண்ணுக்கு நாற்காலியா, சவப்பொட்டியா?" என்றான். "உன் வாய்க்குத்தான் ஒரு பொட்டி வாங்கணும், பூட்டோட" என்று அம்மா திருப்பிக் கொடுத்தாள்.

படுத்த இடத்திலிருந்து பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியின் முன்கால் என் பாதத்தைத் தாண்டி நின்றது. நான்கு விரல் இருக்கும். இது போய்விட்டால் அந்தப் போலீஸ்கார நாற்காலிதான் வரும். துரைகள் யாராவது அதில் உட்காருவார்களா? நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலை எவ்வளவு நீட்டமுடியுமோ அவ்வளவு நீட்டினேன். நீளக் கவுனின் கரை பாதத்தை மூடிக்கொண்டிருந்தது. விரல்நுனி நாற்காலிக் காலைத் தொட்டது.

அம்மா பார்த்தாள். "சரியா கீது" என்றாள். பேரம்கூடப் பேசாமல் மடியிலிருந்து காசை எடுத்தாள். 

கைவண்டியில் நாற்காலி, நாற்காலியில் நான். சந்துக்குள் நுழைந்தபோது குழாயடியில் குடங்கள் அப்படியே நின்றன. "துரைசானி வருது, வய்ய வுடுங்கடி" என்று ஒருத்தி கத்தினாள். நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. துரைசானிகள் பார்க்கமாட்டார்கள்.

நாற்காலியைச் சுவரோடு போட்டார்கள். அம்மா கதவை மூடினாள். கதவு பாதி வந்து, நாற்காலிக் காலில் முட்டி நின்றது. திருப்பிப் போட்டால் அடுப்பில் இடித்தது. குறுக்கே போட்டால் தகரப்பெட்டி திறக்கவில்லை. அம்மா கதவைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"படு."

படுத்தேன். இந்தத் தடவை அவளே கவுனை விலக்கி, என் பாதத்தை நிமிர்த்திப் பிடித்தாள். நான்கு விரல்.

"கடையில நீளமா இருந்துச்சு, வூட்டாண்ட வந்து சுருங்கிப்பூட்ச்சு, மல்லுத்துணியாட்டம்" என்றார் மாமா. அம்மா என் தொடையில் வைத்த அறை நன்றாகவே விழுந்தது. ஏலச் சாமானைத் திருப்பி வாங்கமாட்டார்கள். கதவை மூடமுடியாத வீட்டில் நைனா சாய்ந்து கிடந்தால் சந்தே பார்க்கும். அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது இப்படி ஆயிற்றே என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள் துக்கம் கதவைப்பற்றியது என்றுதான் பட்டது. எங்கள் வீட்டில் திருடுவதற்கு என்ன இருந்தது?

நைனா வேலையிலிருந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.  நெஞ்சிலே ஊதிக்கொண்டிருந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கேட்காமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டே, "கதவு தொறந்தே கெடக்கட்டும்மே" என்றார். அம்மா எழுந்து ஒரு பழைய புடவையை வாசலில் கட்டினாள். கடற்காற்றுக்கு அது ஒரு நிமிஷம் கீழே இருந்ததில்லை.

ஒரே வாரத்தில் நைனாவுக்குத் துரை என்று பேர் வந்துவிட்டது. குழாயடியில் அம்மாவைக் கேலி செய்தார்கள். "ஆமாடி, எங்க வூட்டுக்காரருக்கு இப்பதான் துரை ஆச வந்துகீது" என்று இவளும் சேர்ந்து சிரித்தாள். ஆசை என்று நினைத்துக்கொண்டால் நல்லது, நோய் என்று தெரியவேண்டாம். ஆனால் பேச்சு ஹார்பர் வாசல்வரைக்கும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து நைனா மீன் வாங்கப் போயிருந்தார். புடவையை விலக்கிக்கொண்டு குடையோடு ஒரு பெரிய உருவம் உள்ளே வந்தது. மேஸ்திரி. அம்மா கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"எங்கமா அந்தத் துரை நாற்காலி? ஹார்பர்ல ஒரே பேஜாரா கீது, இத்தப்பத்தியேதான் பேச்சு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். சாய்ந்தார். "அடேயப்பா" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இன்னா துரைசானி, உங்க நைனா இதுல குந்திகினு இன்னா பண்ணுவாரு? சுருட்டு புடிப்பாரா?"

இப்படிக் கேட்டால் நான் விடுவேனா? "தூங்குவாரு. எங்க நைனா உங்கள மாதிரி பாய்லயெல்லாம் படுக்கவே மாட்டாரு. குந்திகினேதான் தூங்குவாரு."

"தெனமுமா?"

"தெனமும்தான். மயகாலத்துலருந்தே. நாற்காலி வர்றதுக்கு மின்னாடி பொட்டில சாஞ்சிகினு தூங்குவாரு."

சளியைப்பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

மேஸ்திரியின் சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்தது. அம்மா கிளறவில்லை. "சின்னப் பொண்ணு, கத வுடுது மேஸ்திரி" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல், நாற்காலியின் கைப்பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்க அண்ணனும் இப்பிடித்தாம்மா, குந்திகினேதான் தூங்குவான்" என்றார்.

பிறகு எழுந்து குடையை எடுத்தார். "நாளைக்கு அவன வாசலுக்கு வரச் சொல்லு. மூட்டையாண்ட போவத் தேவல. கப்பல் மேல நின்னுகினு, மூட்ட எறங்கறதுக்கும் ஏறறதுக்கும் கை காட்டட்டும். எவனாவது கேட்டா, அவன் துரை நாற்காலி வாங்கிட்டான், இனிமே மூட்ட தூக்கமாட்டானாம்னு நானே சொல்லிக்கிறேன்."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். நைனா நெஞ்சு முட்டித் தவித்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. நான் கண்டது ஒன்றுதான். இந்த ஆள் கூப்பிடாமல் வந்தார், எங்கள் நைனாவின் நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மாவை அழவைத்துவிட்டுப் போகிறார். போகிறபோது என் தலையைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

நைனா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கப்பல் மேல் நின்று கை காட்டினார். அந்த ஒன்பது வருஷமும் கோயில் வாசலில் மேஸ்திரியைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் தோத்திரம் சொல்லிக் கும்பிடும். நான் சொன்னதில்லை. "இன்னா துரைசானி, இன்னும் கோவம் தீரலியா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். எதற்குக் கோபம் என்று அவர் கடைசிவரைக்கும் கேட்கவில்லை.