கடலில் மிதந்த அரசு

கல்யாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி என் கணவர் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நான் கணினியில் போர் நடத்துவதைப் பார்த்து கொஞ்சம் திகைத்துத்தான் போனார். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு வியூக விளையாட்டுப் பைத்தியம். வரைபடத்தில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, வரி வாங்கி, படை திரட்டி, எதிரியும் நாமும் மாறி மாறி நகர்த்த வேண்டும். அவற்றில் ஒரு பழைய விளையாட்டை நான் இன்னும் விடவில்லை. அதற்கென்று இணையத்தில் ஒரு மன்றமும் உண்டு. பல நாட்டு ஆட்கள், ஓயாத விவாதம்.

அந்த வரைபடத்தில் ஒற்றை நகரத்தோடு ஒரு கரையோர நாடு இருந்தது. இரு பக்கமும் பேரரசுகள். யார் எடுத்தாலும் தோற்றதால் மன்றத்தில் அதற்குச் ‘செத்த நாடு’ என்று பெயர். நானும் எடுத்தேன். மதில் கட்டினேன், இடிந்தது. கப்பம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டே அடித்தார்கள்.

ஒருநாள் பகல் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல நகரம் விழுந்தது. ஆனால் தோல்வி என்று திரையில் வரவில்லை. தேடிப் பார்த்தால், கொஞ்சம் படையோடு ஒரு கப்பல் கடலில் மிஞ்சியிருந்தது. நகரமே இல்லாமல் என் நாடு உயிரோடிருந்தது.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். மதிலைத் தொடவேயில்லை, இருந்த எல்லாவற்றையும் கப்பலாக்கினேன். எதிரி நெருங்கியதும் படையை ஏற்றிக்கொண்டு நகரத்தை வெறுமையாக விட்டேன்.

“என்ன புள்ள, ஊர உட்டுட்டு ஓடுறாய்?” என்றார் கணவர்.

“ஓடல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க.”

நடுவில் நான் இல்லாததால் இரண்டு பேரரசுகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. நான் கடலில் சும்மா கிடந்தேன். அதுதான் கஷ்டம், இறங்கிவிடலாமா என்று கை துடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் அடித்துக் களைத்து, துறைமுகங்களில் காவலுக்கு ஆளில்லாமல் போனபிறகுதான் இறங்கினேன். முதலில் என் நகரம். பிறகு அவர்களுடைய துறைமுகங்கள். கடைசியில் தலைநகரங்கள்.

முடிசூட்டும் காட்சி வந்தபோது, கடை திறக்கப் போக வேண்டிய கணவர் நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “மாஷா அல்லாஹ், வெண்டிட்டாய்” என்றார் மெதுவாக.

மன்றத்தில் எழுதினேன். யாரும் நம்பவில்லை. எல்லோரும் மதிக்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவர், நான் ஏமாற்றியிருப்பதாக வெளிப்படையாகவே எழுதினார். நான் வாதாடவில்லை. சேமித்து வைத்திருந்த ஆட்டம் முழுவதையும் மன்றத்தில் போட்டு, ‘திறந்து பாருங்கள்’ என்று மட்டும் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து அவரே எழுதினார்: ‘ஒவ்வொரு நகர்த்தலையும் பார்த்தேன். ஏமாற்று எதுவுமில்லை. அதே வழியில் நானும் ஆடி வென்றேன். மன்னியுங்கள். உங்கள் ஊர் எது? இந்த உத்திக்கு அந்தப் பெயரையே வைப்போம்.’

நான் ஊரை எழுதினேன்.

இப்போது புதிதாக வருகிற யாராவது, செத்த நாட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டால், ‘கல்முனை உத்தியில் ஆடு’ என்று பதில் வருகிறது. சிலர் ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதுகிறார்கள். நான் சலிக்காமல் திருத்திக்கொண்டிருக்கிறேன்.