பெட்டிக்குள் துடித்த கை

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நான் மருத்துவமனையில் பம்ப் டெக்னீஷியன். ஒருவர் உடலிலிருந்து எடுத்த உறுப்பை இன்னொருவருக்குப் பொருத்தும்வரை சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று வந்தது ஒரு வலது கை. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையது. யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் அதைக் கிடத்தி, ரத்தக்குழாயில் டியூபைச் சொருகி, ஆக்சிஜன் கலந்த திரவத்தை ஓடவிட்டேன்.

பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் ஒரு தையல்கார அக்கா காத்திருந்தார். மூன்று வருடமாக ஒற்றைக் கை. உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, “தம்பி, என் கைய பத்திரமா பாத்துக்க” என்றார். இன்னும் பொருத்தவே இல்லை, அதற்குள் ‘என் கை’! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் பம்ப் நின்றால் அந்தத் தசை சாக ஆரம்பிக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பம்ப் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடும். அதற்குத் துடிப்பே கிடையாது. ஓட்டத்தைக் காதால் கேட்க, மணிக்கட்டில் ஒரு டாப்ளர் கருவி வைத்திருப்போம். காலையிலிருந்து அதில் ஒரே சத்தம்தான். ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்…

மணி 2:17.

ஷ்… ஷ்… ஷ்…

பம்பைப் பார்த்தேன். சீராகத்தான் ஓடியது. கையுறையோடு மணிக்கட்டைத் தொட்டேன். விரலுக்கு அடியில் நாடி அடித்தது. உயிருள்ள மனுஷனுக்கு அடிப்பது போலவே அடித்தது.

2:19. தியேட்டருக்குப் போன் போட்டேன்.

“சிஸ்டர், கை துடிக்குது.”

“பம்ப் துடிக்கும்ல?”

“இந்த பம்ப் துடிக்காது சிஸ்டர்!”

“நீங்க இன்னும் சாப்பிடலையா? கைய எடுக்க வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்திடாதீங்க.”

வைத்துவிட்டார்.

நிறுத்திவிட்டு ஓடிவிடலாம் என்று ஸ்விட்ச் வரை என் கை போய்விட்டது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

ஷ்… ஷ்… ஷ்…

2:31.

நின்றது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்… பழைய சத்தம். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முன்பைவிடப் பயமாக இருந்தது.

2:32…

2:33…

2:34.

படக்!

ஐந்து விரலும் ஒன்றாக மடங்கின. நரம்பெல்லாம் அறுத்தெடுத்த கை அது. யாருடைய சட்டையையோ பிடிப்பது போல இறுக்கி…

மெல்ல விரிந்தது.

ஷ்… ஷ்… ஷ்…

3:05க்கு வந்து எடுத்துப் போனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, உறுப்பு தானப் பிரிவு அண்ணன் கேன்டீனில் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கையைக் கொடுத்த அதே ஆளின் இதயத்தை அன்றே வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோய் ஒருவருக்கு வைத்தார்களாம்.

“நல்லா இருக்காரா?” என்றேன்.

“இருக்கார். அன்னிக்கு ரொம்ப இழுபறி. ரிப்போர்ட்ல பாத்தேன். ரெண்டு பதினேழுக்குத் துடிக்க ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு முப்பத்தொண்ணுக்கு நின்னுடுச்சு. மூணு நிமிஷம். ரெண்டு முப்பத்துநாலுக்கு ஷாக் குடுத்துதான் திரும்பக் கொண்டுவந்தாங்க.”

டீ மேலே கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா செக்கப்புக்கு வந்தார். விரல்கள் நன்றாக மடங்கின. சிரித்துக்கொண்டே பேசியவர், டாக்டர் நகர்ந்ததும் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நெஞ்சுல ஒரு துடிப்பு. இந்தக் கையில வேற துடிப்பு. ரெண்டும் சேரவே மாட்டேங்குது… ஏன் தம்பி?”